மேஸ்திரி ஜெபித்த வாரம்

பெண் கேட்டுப் போவதற்கு எனக்கு ஆள் இல்லை. அதனால் நானே போனேன்.

எழுபதுகளின் நடுவில், கல்பாக்கத்தில் கட்டட வேலை மும்முரமாக நடந்த காலம் அது. நான் கம்பி கட்டுகிறவன். அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் பிறந்து, ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரியில் கிளீனராகவும், கேளம்பாக்கத்தில் உப்பு வாருகிறவனாகவும், மாமல்லபுரத்தில் கல் உடைக்கிறவனாகவும், இன்னும் பெயர் மறந்துபோன ஊர்களில் என்னென்னவாகவோ இருந்துவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் செத்த பிறகு அதைச் சொல்லவும் ஆள் இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு ஆந்திரா பக்கம் போய்விட்டார். நான் தேடவில்லை. சவுக்குத் தோப்பு ஓரமாகக் கூலிக்காரர்களுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். மழைக்கு ஒழுகும், வெயிலுக்குச் சுடும். மற்றபடி குறை ஒன்றுமில்லை.

எங்கள் பகுதியில் கொத்தனார்களைக் கட்டி மேய்த்த மேஸ்திரி, திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருந்த ஒரு காலனியிலிருந்து சைக்கிளில் வருவார். அவருடைய அப்பா கடைசிவரை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். இவர் சாந்துக்கரண்டி பிடித்து மேலே வந்தார். காலனியில் ஓலை வேய்ந்த ஒரு ஜெபவீடு இருந்தது. போதகர் செங்கல்பட்டிலிருந்து மாதம் ஒரு தரம்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் மேஸ்திரிதான் ஆராதனை நடத்துவார். சுவர் ஒரு நூல் விலகியிருந்தாலும் இடித்துக் கட்டச் சொல்லுகிற மனிதர். கடவுளுக்கும் அதே கண்தான் என்று நம்புகிறவர்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஜெபவூட்டுக் கூரைய காத்து பிச்சிப் போட்டுச்சு. உன் கை கட்டு நல்லா கட்டும். நாளைக்கி லீவுதான, வந்து செஞ்சி குடு" என்றார். போனேன். நான் கூரைமேல் உட்கார்ந்து கட்ட, கீழே இருந்து கயிறும் ஓலையும் எடுத்துக் கொடுத்தது அவருடைய மகள். பக்கத்துக் கிராமத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள்.

"எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்கீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். நான் ஊர்ப் பெயர்களைச் சொன்னால் எல்லாரும் அடுத்ததாக அங்கே என்ன கூலி என்றுதான் கேட்பார்கள். அவள், "எந்த ஊர்ல சோறு நல்லா இருந்திச்சு?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். "எல்லா ஊர்லயும் பசியோடதான் தின்னேன். அதனால எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, "எம்மா, கூரை அப்பால ஆவட்டும். இவருக்கு மொதல்ல சோறு போடு" என்று கத்தினாள்.

அன்றைக்கு எனக்கு ஓர் ஆசை வந்தது. உடம்பின் ஆசை எனக்குப் புதிதில்லை. ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு அது எங்கேயும் கூடவே வரும். ஆனால் ஓர் ஊரில் இருந்துவிட வேண்டும் என்ற ஆசை அதுவரை வந்ததில்லை. கூரை வேலை முடிந்த பிறகும் அது போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிநேகிதனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"கூட யாரு வந்து கீறாங்க?"

"யாரும் இல்ல மேஸ்திரி. நான்தான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடித்ததும் மேஸ்திரி, "ஜெபம் பண்ணி சொல்றேன் தம்பி" என்றார்.

ஜெபவீட்டுக்குப் போகிற குடும்பங்களின் பேச்சு எனக்குத் தெரியாது. பெண் கேட்டு வருகிறவர்களை முகத்துக்கு நேரே முடியாது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஜெபம் பண்ணிச் சொல்கிறோம் என்பார்கள். கேட்டவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய் வேறு இடம் பார்ப்பார்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் கதவைச் சாத்துகிற முறை அது. ஒரு வீட்டில் வளர்ந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். மேஸ்திரி ஜெபம் பண்ணுவார், கடவுள் அவருக்குச் சொல்லுவார், அவர் எனக்குச் சொல்லுவார். இதில் குழப்பம் என்ன இருக்கிறது?

அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு எல்லாரும் நிற்கும்போது, "மேஸ்திரி, பதில் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இன்னா பதிலு?"

"ஜெபம் பண்றேன்னீங்களே."

அவர் சுற்றிலும் பார்த்தார். "இன்னும்... ஜெபத்துலதான் கீது."

"அவசரம் இல்ல மேஸ்திரி. அவருக்கும் எத்தினி பேரு, எத்தினி வேலையோ."

அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டேன். அதற்கடுத்ததும் கேட்டேன். ஞாயிறுகளில் ஜெபவீட்டுக்குப் போய் ஆண்கள் பக்கம் பாயில் உட்காரத் தொடங்கினேன். பாட்டு ஒன்றும் தெரியாது, வாயை மட்டும் அசைப்பேன். கொட்டகையில் படுக்கும் முன் என் பங்குக்கு நானும் சொல்லிவைப்பேன்: மேஸ்திரி ஒரு விஷயம் கேட்டிருக்கிறார், மறந்துவிடாதீர்கள். ஆடிக் காற்று அடங்கி, மழை பிடித்து, வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டது. பிறந்த ஊரை விட்ட பிறகு இவ்வளவு நாள் நான் ஓர் இடத்தில் இருந்ததில்லை. கால் அரிக்கத்தான் செய்தது. கடலோரச் சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து நின்று பார்ப்பேன். பிறகு உட்கார்ந்துவிடுவேன்.

அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கம் பெரிய வேலை தொடங்குகிறது, கம்பி கட்டுகிறவர்கள் வேண்டும் என்று ஆள் எடுக்க வந்தார்கள். என்னோடு கம்பி கட்டிய சிநேகிதன் சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துக்காரன். கடலுக்குப் போகப் பிடிக்காமல் கட்டட வேலைக்கு வந்தவன். சட்டை கொடுத்தது அவன்தான்.

"மச்சான், லாரி அடுத்த வாரம் கழிச்சி திங்கக்கெழம கெளம்புது. நீ பேர் குடுக்கலியா?"

"மேஸ்திரி ஜெபம் பண்ணிகினு கீறாரு. பதில் வரட்டும்."

அவன் கம்பி முறுக்குகிற குறட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"டேய், அதாண்டா பதிலு! எங்க வூட்ல ஜாதகம் பொருந்தலன்னுவாங்க. உங்காளுங்க கிட்ட ஜாதகம் கெடையாது, அதனால ஜெபம். பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. அது தெரியாம வாரா வாரம் போயி நிக்கறியே, பேஜாரு புடிச்சவனே! உன்னப் பாத்தாலே அந்த மனுசன் சாரத்துல ஏறிக்கறாரு, கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். வேலையில் அவ்வளவு அக்கறை என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. சங்கடமாகத்தான் இருந்தது. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு மேஸ்திரியிடம் போனேன்.

"மேஸ்திரி, எனக்கு வெவரம் தெரியல. இப்பத்தான் ஒருத்தன் சொன்னான். நான் வேற, வாரா வாரம் வந்து உங்கள நாலு பேரு முன்னால நிக்க வெச்சிட்டேன். ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. நான் தூத்துக்குடி போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ நெசமாவே காத்துகினு இருந்தியா?"

"ஆமா."

"அவரு சொல்வாருன்னு?"

"நீங்கதான சொன்னீங்க."

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாதி சுருட்டியபடியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கட்டிய சுவரைத் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்து, விலகியிருக்கிறது என்று தெரிந்தால் அவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆயிற்று.

"லாரி எப்ப?"

"அடுத்த ஞாயிறு கழிச்சி, திங்கக்கெழம."

"அந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் குடு. சொல்றேன்."

திங்கட்கிழமை மத்தியானம் அவர் தன்னுடைய டிபன் கேரியரைச் சித்தாள்களிடம் கொடுத்துவிட்டுச் சவுக்குத் தோப்புக்குள் போய் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். சித்தாள்களுக்குச் சந்தோஷம். "நாளைக்கு கருவாட்டுக் கொழம்பு செய்யச் சொல்லு மேஸ்திரி" என்று ஒருத்தி சொன்னாள். என் சிநேகிதன், "பெரியவரு இன்னா, எலக்சனுக்கு நிக்கப் போறாரா? உண்ணாவிரதம்லாம் பலமா கீது" என்றான். காலையிலும் அவர் சாப்பிடுவதில்லை, இருட்டிய பிறகு கஞ்சி மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. புதன்கிழமை சாரத்தில் ஏறும்போது நடுவில் நின்று கம்பைப் பிடித்துக்கொண்டார். நான் கீழே இருந்து பார்த்தேன்.

மத்தியானம் நானும் தோப்புக்குப் போனேன். அவர் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, சாப்புடுங்க. நீங்க மேலேந்து வுழுந்தா நான் எந்த மூஞ்ச வெச்சிகினு அந்த வூட்டு வாசல்ல நிப்பேன்? எனக்குப் பதிலே வேணாம்."

"உனக்குன்னு யாருடா பண்றாங்க? போய் வேலையப் பாரு" என்றார். நான் போகவில்லை. அவராகவே பேசினார்.

"கண்ண மூடினா இன்னா வருது தெரியுமா? எம்பொண்ணுக்கு கவர்மென்ட் மாப்ள. குவாட்டர்ஸுல வூடு. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சின்னு நெறைஞ்ச குடும்பம். இதான் வருது. இத்தினி வருசமா நானேதான் பேசிகினு கீறேன். உனக்கு இன்னா வேணும் சாமின்னு அந்தப் பக்கம் ஒருதரம் கேட்டதில்ல. இப்ப கேட்டா ஒண்ணும் வரல. மிக்சர் மிஷின் சத்தம்தான் கேக்குது."

திரும்பி வந்து கம்பி கட்டினேன்.

பட்டினி எனக்குத் தெரியும். முதல் நாள் எரிச்சல், இரண்டாம் நாள் தலைவலி, அதற்குப் பிறகு ஒரு மாதிரி லேசாக ஆகிவிடும். விஜயவாடா ஸ்டேஷனில் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். அதெல்லாம் சோறு கிடைக்காததால் வந்த பட்டினி. எனக்கு என்ன பதில் சொல்வது என்பதற்காக இன்னொரு மனிதர், கையில் சோறு இருந்தும் தின்னாமல் இருக்கிறார். நான் ஒரு பதில் பெறத் தகுந்த ஆள் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. வேலை ஆக வேண்டும் என்றால் என் கையைத் தேடுவார்கள், முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை. கடவுள் மனிதர்களை விரும்புகிறார் என்று ஜெபவீட்டில் வாரா வாரம் கேட்டிருந்தேன். விரும்பினால் எப்படி இருக்கும் என்று அந்த வாரம்தான் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. எலும்பு தெரிகிற கழுத்தோடு ஒரு மேஸ்திரி சவுக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

கொட்டகையில் அந்த வாரம் நான் சொல்லிவைத்ததெல்லாம் ஒன்றுதான்: அவர் சாப்பிட வேண்டும், அவர் விழக்கூடாது. பெண்ணைக் கேட்க மறந்துபோயிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் அது ஞாபகம் வந்தது. ஆசை குறைந்துவிட்டதா என்று பார்த்தேன். குறையவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிறைந்திருந்தது. பாட்டு முடிந்து பிரசங்கத்துக்கு மேஸ்திரி எழுந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இன்னிக்கி பிரசங்கம் இல்ல. ஒரு விசயம் சொல்லணும். எம்பொண்ணக் கேட்டு வந்தவங்க கிட்டல்லாம் ஜெபம் பண்ணி சொல்றேன்னு சொன்னேன். பண்ணல. எனக்கு இஷ்டம் இல்லங்கறத கர்த்தர் பேர்ல சொல்லி அனுப்பினேன்."

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சைக்கிள் கடைக்காரர் மெதுவாக எழுந்தார். அவருடைய அண்ணன் மகனுக்கு அந்தப் பெண்ணைக் கேட்டு இல்லை என்று ஆகியிருந்தது.

"அப்ப எங்க அண்ணம்மவனுக்கும் பண்ணலியா?"

"பண்ணல, அண்ணாத்த."

"ஒருநாள்கூட?"

"ஒருநாள்கூட."

"அந்தப் பையன், கர்த்தரே வேணாம்னுட்டாருன்னு தாடி வுட்டுகினு கெடந்தானேய்யா!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அவனுக்குக் கல்யாணம் ஆயி புள்ளையும் ஆச்சி. தாடியும் எடுத்துட்டான். ஒக்காரு."

சிரிப்பு எழுந்தது. சைக்கிள் கடைக்காரர் உட்காரவில்லை. "அதுக்கில்ல. முடியாதுன்னா முடியாதுன்னு உன் வாயால சொல்லு. எதுக்கு அவர இழுக்கறே?"

"அதத்தான் அண்ணாத்த சொல்ல வந்தேன். தப்பு."

"சரி. இந்தப் புள்ளைக்காவது கேட்டியா?" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். நான் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாரமா கேட்டேன்" என்றார் மேஸ்திரி. "ஒண்ணும் வரல. வேணும்னும் வரல, வேணாம்னும் வரல. வேணாம்னு வந்திருந்தா எனக்கு சந்தோசமா இருந்திருக்கும், அதையும் சொல்லிடறேன். வரல."

அப்போது அவருடைய மனைவி பேசினார். எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

"எப்டி வரும்? அவருக்கு நீ வேணும். உம்பொண்ணு வேணும். தாடி வுட்டுகினு கெடந்தானே, அவனும் வேணும். இந்தத் தம்பியும் வேணும். இதுக்குத்தான உசுரையே குடுத்தாரு. யாரு யாரக் கட்டிக்கணும்னு வேற எறங்கி வந்து சொல்வாரா? வூட்ல வந்து பொண்ண ஒரு வார்த்த கேளு. நீயும் பட்டினி கெடந்து, என்னையும் ஒருவாய் நிம்மதியா சாப்புட வுடல."

மேஸ்திரி வேதப்புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு, "பாட்டு பாடுங்க" என்றார். நாங்கள் பாடினோம்.

வீடு பின்னாலேயே இருந்தது. நான் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொன்னார்கள். அவள் சமையல் இடத்து நிலைப்படியில் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள். தண்ணீருக்குப் போகக் கிளம்பியிருந்தாள். சாலையைத் தாண்டி இருந்த கிணற்றிலிருந்துதான் அந்த வீட்டுக்குத் தண்ணீர்.

"சொல்லும்மா" என்றார் மேஸ்திரி.

"நானும் ஜெபம் பண்ணிகினுதான்பா இருந்தேன்."

"இன்னான்னு?"

"குவாட்டர்ஸ்ல இருக்கற ஆளா வேணும்னு."

மேஸ்திரி நிமிர்ந்தார். "நீயுமா?"

"வூட்டுக்குள்ளயே கொழா இருக்கும்ல. தெறந்தா தண்ணி வரும். பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னாடி இடுப்பு ஒடிய வேணாம். அதான் கேட்டேன்." அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் குழாய் இல்லை. குழாய் வைக்கச் சுவரும் இல்லை. அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. "அது நியாயந்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஒரே ஊர்ல அதிகமா எவ்ளோ நாள் இருந்திருக்கீங்க?"

"இங்கதான்."

"ஏன் போவல? நடுவுல வேற வேலையே வரலியா?"

"வந்துச்சு. மேஸ்திரி பதில் சொல்றேன்னாரு. வராம எப்டிப் போறது?"

அவள் குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள். "அப்டி யாரும் நெசமா காத்துகினு இருக்க மாட்டாங்க" என்றாள். "நானே காத்துகினு இல்ல. கொழா கேட்டு, குடுக்கலன்னு கோவத்துல ஒரு மாசம் ஜெபமே பண்ணல." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "எனக்குச் சம்மதம்பா. கொழா இல்லன்னா போவுது, ரெண்டு பேரும் தூக்கிக்குவோம். ஆனா நாளைக்கு அந்த லாரில இவரு ஏறக் கூடாது."

"ஏறல" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

மேஸ்திரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப கர்த்தருடைய..." என்று தொடங்கினார்.

"ஆரம்பிச்சிட்டியா? கைய கழுவு மொதல்ல" என்றார் அவர் மனைவி.

என்னையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. மேஸ்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிப்பது காலனியில் பேர்போனது. எல்லாருடைய தேவைகளையும் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்பார்கள். அன்றைக்கும் கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம். சத்தமே இல்லை. குழம்பின் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் தலை குனிந்தபடி அப்படியே இருந்தார்.

"இன்னா, தூங்கிட்டியா?"

"இல்லடி. இன்னா வேணும்னு சொல்றதுன்னு தெரியல. ஒண்ணும் தோணல."

"அப்ப ஸ்தோத்திரம்னு சொல்லிட்டுச் சாப்புடு. சோறு ஆறுது பாரு."

"ஸ்தோத்திரம்" என்றார் மேஸ்திரி. சோற்றைப் பிசைந்தார். மூன்றாவது தரம் போடுகிறவரைக்கும் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.